உச்சி வேளையில் அங்கே போகாதீர்கள்

பழைய கல் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். கோயிலா என்பார்கள். கோயில் இல்லை என்றால் மலையா என்பார்கள். அதுவும் இல்லை, செத்தவர்களைப் புதைத்த இடம், புதைந்தவர் யாரென்று தெரியாது, செத்து 2,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று விளக்கினால், "போன மாசம் பெரியப்பா காரியத்துக்கு லீவு இல்லன்னு சொன்னீங்க" என்று ஒரு பதில் வரும். அதற்கு மேல் அந்த வீட்டில் தொல்லியல் பேச முடியாது.

இந்த வியாதி பிடிக்க விழுப்புரம் மாவட்டத்தைப் போலத் தோதான இடம் கிடையாது. திருவண்ணாமலை போகிற சாலையில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியில் ஓவியங்கள் இருக்கின்றன. பறவை மூஞ்சி வைத்த ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்திருக்க, அதே மூஞ்சியுள்ள இன்னொருவர் குதிரையை இழுத்துக்கொண்டு போகிறார். இத்தனை ஆயிரம் வருஷமாக ஒருவர் உட்கார, ஒருவர் இழுக்க என்கிற ஏற்பாடு மாறவே இல்லை. திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781இலேயே சோனரா என்ற ஐரோப்பியர் அவற்றைப் பார்த்து எழுதிவைத்தார். ஊரில் கேட்டால் அது மரமே இல்லை, வக்கிராசுரனின் எலும்பு என்பார்கள். எனக்கு அசுரன் கட்சிதான் பிடித்திருக்கிறது. 2 கோடி ஆண்டு என்றால் மனதில் எதுவும் தோன்றுவதில்லை, அசுரனின் தொடை எலும்பு என்றால் உடனே தோன்றுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது குயிலாப்பாளையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி மேடேறினால் வரும் ஊர். ஆரோவிலுக்கு வாசற்படி. இந்தச் செம்மண் மேட்டில் இரும்புக்கால மனிதர்களின் தாழிகளும், சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழைகளும், கல்வட்டங்களும் கிடைத்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு என் மச்சானோடு வண்டியில் கிளம்பினேன். வண்டி அவனுடையது, பெட்ரோல் என்னுடையது. கீழ்வாலை ஏற்பாடுதான்.

குயிலாப்பாளையம் கடைத்தெருவில் நின்று ஒருவரிடம் வழி கேட்பது தனி அனுபவம். அங்கே நம்மைத் தவிர எல்லோருக்கும் எங்கே போக வேண்டுமென்று தெரியும். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் புல்லட்டில் போகிறார், பெர்முடா போட்ட நம் ஊர்ப் பையன் அவரோடு பிரெஞ்சில் பேரம் பேசுகிறான். ஒரு கடைக்காரத் தம்பியிடம், "இங்க பழங்காலத்துக் கல்லு எங்க இருக்கு?" என்றேன். முகம் மலர்ந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா, பச்சை, ரோஸ் நிறங்களில் கற்கள். "இது கோபத்துக்கு சார், இது தூக்கத்துக்கு, இது கணவன் மனைவி ஒற்றுமைக்கு." பழசா என்று கேட்டேன். "எல்லாக் கல்லும் பழசுதான சார்" என்றான். நிலவியலில் அவனை மடக்க முடியாது. ஒற்றுமைக் கல்லின் விலையை விசாரித்தேன். அந்தக் காசைக் கொண்டுபோய் மனைவி கையில் கொடுத்தாலே ஒற்றுமை வந்துவிடும் என்று தோன்றியதால் வெளியே வந்துவிட்டோம்.

அடுத்து விசாரித்தவர் கெஸ்ட் ஹவுஸ் வேண்டுமா என்றார். அதற்கடுத்தவர், "பிளாட்டுக்குக் கல்லு நட்ட எடமா?" என்று கேட்டு அவரே வழியும் சொன்னார். போய்ப் பார்த்தோம். வரிசையாக, ஒரே உயரத்தில், வெள்ளை அடித்து, எண் போட்டு நட்ட கற்கள். பிரான்சில் கார்னாக் என்ற ஊரில் 3,000 கற்கள் இப்படித்தான் வரிசை வரிசையாக நிற்கின்றன. உலகமெங்கிலும் இருந்து ஆள் வந்து வாய் பிளந்து பார்க்கிறது. ஒரு புனிதரைத் துரத்தி வந்த ரோமானியப் படைவீரர்கள் அவர் சாபத்தால் கல்லானார்கள் என்பது அந்த ஊர்க் கதை. நம் மனைக்கற்களையும் யாராவது ஒரு காலத்தில் தோண்டி எடுப்பார்கள். என்ன சாமி கும்பிட்டார்கள் என்ற அவர்கள் ஆராய்ச்சிக்குப் பதில் சரியாகவே கிடைக்கும்.

கடைசியில் வழி சொன்னது ஆடு மேய்க்கும் ஓர் ஆயா. முந்திரித் தோப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா தேடறீங்க?"

"பழைய கல்லு ஆயா" என்றான் மச்சான்.

"வூடு கட்டவா? திருவக்கரைப் பக்கம் கிரஷர்ல போய்க் கேளு."

"அது இல்ல ஆயா. தாழி. பெரிய பானை. அந்தக் காலத்துல செத்தவங்கள வெச்சிப் பொதைப்பாங்களே."

ஆயா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஆருக்கு ஒடம்பு சரியில்ல?"

யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. செய்வினை வைக்க வந்தவன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. சும்மா எலும்பு பார்க்க வருகிறவனை எதில் சேர்ப்பது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மய பேஞ்சா அந்த ஓடப் பள்ளத்துல பானைங்க வாயத் தொறந்துகினு தெரியும். நாங்க அந்தப் பக்கம் ஆட்டக்கூட ஓட்ட மாட்டோம். உச்சி வேளைல போவாதீங்க" என்றார்.

மணி அப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது. கல்லூரியில் இயற்பியல் படித்த என் மச்சான், "மாமா, வண்டிய யாராவது பாத்துக்கணும்ல" என்றான்.

அவனையும் இழுத்துக்கொண்டுதான் பள்ளத்தில் இறங்கினேன். இந்த மேட்டு நிலத்தில் மழைத் தண்ணீர் செம்மண்ணை அரித்து அரித்து ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் பறித்திருக்கிறது. அந்தச் சுவரில் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் தடித்த ஓடுகள். விரலால் அழுத்திக் கயிறு மாதிரி வேலைப்பாடு செய்த ஒரு கழுத்துப் பகுதி. கீழே சில்லுகள், உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்துவிடும் என்பார்கள். தமிழ்நாட்டில் எங்கே ஈமக்காட்டைத் தோண்டினாலும் முதலில் எட்டிப் பார்ப்பது இந்தக் கருப்பு சிவப்புப் பானைதான். "அப்பவே கட்சி ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றான் மச்சான். பயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெரும்பாலும் முழு உடலை உள்ளே வைப்பதில்லை, வெளியில் கிடத்திப் பிறகு எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து வைப்பதும் உண்டு என்று அவனுக்கு விளக்கினேன். கூடவே சின்னப் பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள். ஈமப்பேழைக்கு அடியில் வரிசையாகக் கால்கள் வேறு வைத்திருப்பார்கள். "செத்தவனுக்குக் கட்டில், பாத்திரம், கத்தி, நகை. மாமா, எங்க அக்காவுக்கு நாங்க செஞ்ச சீர்ல இது எல்லாம் வந்துச்சு இல்ல?" என்று நினைவூட்டினான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அவன் இவ்வளவு பக்கத்தில் முடிச்சுப் போடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மணிமேகலை ஒரு நகரத்தின் சுடுகாட்டைக் காட்டும்போது எரிப்பவர், சும்மா போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், பள்ளத்தில் அடைப்பவர், தாழியில் கவிப்பவர் என ஐந்து வகையாரையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. ஐந்து பேரும் பக்கத்துப் பக்கத்தில் தகராறில்லாமல் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய தொல்லியல் செய்தி. நம் ஊர்களில் ஒரே வகையாகப் புதைக்கிறவர்களுக்குள்ளேயே சுடுகாட்டுப் பாதைக்கு வழக்கு நடக்கிறது.

அந்த மேட்டில் இருந்து கொஞ்ச தூரத்தில், புதுச்சேரி பக்கம், முத்திரப்பாளையமும் சுத்துக்கேணியும் இருக்கின்றன. பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் அரிக்கமேட்டில் 1947 முதல் 1950 வரை அகழாய்வு செய்த கையோடு அந்த இரண்டு ஊர்களின் ஈமக்காடுகளையும் தோண்டினார். பிரெஞ்சு ஆட்சி இங்கே கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். 1954இல் மூட்டை கட்டிவிட்டார்கள். தங்கள் ஆட்சியை அடக்கம் செய்யப் போகிற நேரத்திலும் நம் ஆட்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்று பார்த்து, 1956இல் புத்தகமும் போட்டார்கள். போகிற போக்கில் இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகிற ஆட்சியாளர்கள் அபூர்வம்.

அதைவிட வேடிக்கை ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவிலைத் தொடங்கியபோது 124 நாடுகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக மண் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு மூடினார்கள். தாமரை மொட்டு வடிவத்தில் வெள்ளைப் பளிங்குத் தாழி. இன்றும் மாத்ரி மந்திர் பக்கத்தில் இருக்கிறது. தாழிகள் புதைந்து கிடக்கும் செம்மண் மேட்டில், உலகத்தையே கூட்டிவந்து வைத்த புனிதப் பொருளும் ஒரு தாழிதான். யோசித்துச் செய்தார்களா, மண்ணின் பழக்கதோஷமா, தெரியாது. பழைய தாழியைப் பார்க்க ஓடைப் பள்ளம் இறங்க வேண்டும், புதியதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பள்ளமே சுலபம்.

பக்கத்தில் இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலுக்கும் போனோம். சம்பந்தர் பாடிய தலம். இங்கே கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவம் இருந்தாராம். தவத்தின் சூட்டில் நாடே வறண்டது. உதிர்ந்து கையில் விழும் இலைதான் அவருக்குச் சாப்பாடு. தவத்தைக் கலைக்க வந்த தாசி, இலைக்குப் பதில் அவர் கையில் அப்பளத்தை வைத்தாள். மேனகையை அனுப்பித் தவம் கலைத்த கதை எத்தனையோ கேட்டிருக்கிறோம், அப்பளத்தால் தவம் கலைந்தது தமிழ்நாட்டில் மட்டும்தான் நடக்க முடியும். பிறகு திருவிழாவில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்துக் கட்டிவிட, ஊர் சிரித்தது. அவர் கோபத்தில் லிங்கம் மூன்றாகப் பிளந்தது. இன்றும் செப்புத் தகட்டால் பிணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த மண் பாலையாகட்டும், தூர தேசத்து ஆட்கள் வந்து பசுமையாக்கும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று சாபமாம். ஆரோவில்காரர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கு அப்பளம் வரைக்கும் பிடிக்கும்.

இந்தக் கதைகளைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கொங்குப் பக்கமும் வடக்கேயும் கல்திட்டை எதைப் பார்த்தாலும் பாண்டவர் கட்டியது என்பார்கள், இல்லாவிட்டால் குள்ளர் வீடு என்பார்கள். பாண்டவர்களுக்கு வனவாசமே 12 வருஷம்தான். தமிழ்நாட்டில் மட்டும் அவர்கள் கட்டியதாகச் சொல்லும் வீடுகளைக் கூட்டினால் துரியோதனனை நினைக்க அவர்களுக்கு நேரமே இருந்திருக்காது. ஆனால் அந்தக் கற்களை இத்தனை நாள் காப்பாற்றியது பாண்டவரும் குள்ளரும் ஆயாவின் உச்சி வேளைப் பேயும்தான். பேய்ப் பயம்தான் நம் நாட்டின் முதல் தொல்லியல் துறை. சம்பளம் கிடையாது, பணியிட மாற்றம் கிடையாது, இரவுக் காவல் இலவசம். அது கைகட்டிக் காத்த அளவுக்கு எந்த நீலப் பலகையும் காத்ததில்லை.

இப்போது அந்தத் துறையை மூடிவிட்டோம். ஜேசிபி ஓட்டும் பையனுக்குப் பேய்ப் பயம் இல்லை, டீசல் விலைதான் பயம். செம்மண்ணை லாரி லாரியாக அள்ளுகிறார்கள். கல்வட்டத்தின் கற்கள் தோட்டத்து வேலிக்கு அடியில் போகின்றன. தாழி உடைந்து உள்ளே தங்கம் இல்லை என்று தெரிந்ததும், உடைத்தவன் முகத்தில் வரும் ஏமாற்றத்தைப் பார்த்தவர்கள் கதையாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் 1915இல் ஏலத்துக்கு வந்தது. செசில் சப் என்பவர் 6,600 பவுண்டுக்கு எடுத்து, மூன்று வருஷம் வைத்திருந்து, நாட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவிக்குப் பரிசாக வாங்கினார், அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கம் யாராவது கல்வட்டத்தோடு நிலம் வாங்கினால், வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கிறதா என்று கேட்கும் முன்பே அது பேஸ்மட்டத்துக்குள் போயிருக்கும்.

ஆகவே இந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மண் அள்ளுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளம் பறிக்கும்போது தடித்த ஓடோ, வட்டமாக வைத்த கற்களோ தென்பட்டால் கையை வைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வெறும் பானை, இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பேச்சு வரும். பேய்க்குப் பயமில்லாவிட்டால் சட்டத்துக்காவது பயப்படலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருஷம்வரை உள்ளே போகலாம். 10 ரூபாய்க்குக் குயிலாப்பாளையத்தில் இன்று அரை டீதான் கிடைக்கும். அதனால் கணக்குப் பார்க்காமல், எது கிடைத்தாலும் சொல்லிவிடுங்கள்.