ஆணிப்பட்டியும் மச்சானும்

ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கினால் சாவி கைக்கு வருமுன்னரே ஆலோசனை வந்துவிடும். "கார்ப்பெற்றைக் கிழிச்சு எறியுங்கோ, கீழே ஓக் பலகை இருக்கும்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. பொய்யும் இல்லை, 1950களில் கட்டிய வீடுகள் பலவற்றில் ஓக் தரை கார்ப்பெற்றுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. உரிப்பதும் வலு சுகம். ஒரு மூலையைக் குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். சுருட்டிக் கட்டும்வரை உதவிக்கு ஆட்களும் நிற்பார்கள். பிறகு சுவரோரம் நெடுக ஆணிப்பட்டி பல்லைக் காட்டும். அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் வேலைக்கு நேரமாகிவிடும்.

ஒரு அங்குல அகலம், நாலடி நீளத்தில் ஒட்டுப்பலகைத் துண்டுகள். முதுகில் வரிசையாக ஊசிகள், எல்லாம் சுவர்ப்பக்கம் சரிந்தபடி. இழுத்து மாட்டிய கார்ப்பெற் நழுவாமல் இருக்கத்தான் அந்தச் சரிவு. முழங்காலுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது.

எங்கள் வீட்டில் கடைசிவரை நின்றவர் மனைவியின் தம்பி. அலவாங்கு என்றே சொல்லக்கூடிய ஒரு நெட்டை இரும்போடு வந்தார்.

"ஒரு தெண்டுத் தெண்டினால் முடிஞ்சுது, அத்தான்."

அப்படித் தெண்டினால் கையோடு வருவது பட்டியல்ல, ஓக் பலகை. அதைச் சொன்னதும் அவருடைய கண் என் மர உளிக்குப் போனது. மனைவியின் தாலிக்கொடிக்கு அடுத்தபடியாக இந்த வீட்டில் பூட்டி வைக்கவேண்டிய சாமான் அது. ஆணியில் ஒருமுறை பட்டால் போதும், வாய் போய்விடும்.

இந்த வேலைக்குத் தேவை மெல்லிய தட்டைக் கம்பி. பட்டியைத் தரையோடு இறுக்கிய ஆணி சில அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். அதற்கு நேர் கீழே கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டிச் செருகி, மெதுவாக நெம்பவேண்டும். ஆணியில்லாத இடத்தில் நெம்பினால் பட்டி சிராய் சிராயாய்ப் போய், ஆணி மட்டும் தரையில் நின்று வேடிக்கை பார்க்கும். கம்பியின் முதுகு அழுத்தும் இடத்தில் ஒரு மெல்லிய பலகைத் துண்டு கட்டாயம். மறந்தால் ஓக்கில் பள்ளம். பேஸ்மென்ற் கொன்கிறீற் வேறு கதை. அங்கே ஆணி பெரும்பாலும் தன்னோடு ஒரு துண்டு தரையையும் பிடுங்கிக்கொண்டுதான் வரும், எவ்வளவு கவனமாக எடுத்தாலும். பிறகு பூசி அடைக்கவேண்டியதுதான்.

கண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்றார் மச்சான். ஒரு ஆணி அவருடைய காதோரமாகப் பறந்து யன்னலில் பட்டதும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வரும் ஆட்கள். தப்பிய ஊசியை எந்தக் காலாவது கண்டுபிடித்தே தீரும். ஆகவே காந்தத்தை இழுத்துக்கொண்டு மூலை மூலையாகத் திரிந்தேன்.

"ஒண்டும் இல்லை அத்தான், நான் வடிவாய்ப் பாத்திட்டன்" என்றார் மச்சான், சோபாவில் இருந்தபடியே.

மனைவி அவரைக் காலுறையைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக ஒரு சுற்று நடந்துவரச் சொன்னாள்.