எழுத மறுக்கும் வாசகன்

கேள்வி: மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறோம். எட்டு வயது, புத்தகம் என்றால் உயிர். ஆனால், படித்ததைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால், ‘கதை நன்றாக இருந்தது’ என்று எழுதிப் பென்சிலை வைத்துவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: கவலை வேண்டாம், அதே வாக்கியத்தை மூன்று பக்கத்துக்கு நீட்டத் தெரிந்தவர்களைத்தான் நாம் விமரிசகர்கள் என்று போற்றி வருகிறோம். வீட்டுக் கல்வி குறித்து 1886-இல் நூல் வெளியிட்ட ஆங்கில மாது சார்லட் மேஸன், ஒரு பகுதியை ஒரே முறை வாசித்துவிட்டு, குழந்தையை அதைத் தன் சொந்த வார்த்தைகளில் வாயால் சொல்லச் செய்வதையே பிரதான அப்பியாசமாகக் கொண்டு, அதையே எழுதிக் காட்டச் செய்வதைப் பத்து வயதை ஒட்டியே ஆரம்பித்தார். ஆகையால், இப்போதைக்கு அவன் சொல்லட்டும், தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத குமாஸ்தா வாய்த்தால் எந்த ஆசிரியருக்கும் உற்சாகம் பிறக்கும். ‘இதன் நீதி யாது?’ என்ற கேள்வியை மட்டும் பரணில் ஏற்றிவிடுங்கள்.

வளர்ந்த பிறகு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மார்க்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை ஏறக்குறைய இரண்டு வருஷமே கண்ட அவர், ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரைகளின் கருத்தைச் சிறு குறிப்புகளாக எடுத்து, சில தினங்கள் ஒதுக்கி வைத்து, பின் மூலத்தைப் பாராமல் எழுதி, ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார். சிற்சில இடங்களில் மூலத்தையே விஞ்சிவிட்டதாகத் தமக்குத் தோன்றியதையும் சுயசரிதையில் மறைக்கவில்லை. தங்கள் குமாரனுக்கும் அந்தப் பிரமை ஒருநாள் உண்டாகும். கலைத்துவிடாதீர்கள், எழுத்தாளர் வர்க்கமே அதன் பலத்தில்தான் ஜீவித்து வருகிறது.