மோரியாவில் உடைந்த கடைத்தேங்காய்

மாயாஜாலத் தொடர்நாவல்களைக் கடைசிப் பாகம் வரை படித்து முடிப்பவர்கள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதி புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போகும். இன்னொன்று, “இதை ஒரு கம்ப்யூட்டர் கேம் ஆக்கினால் எப்படி இருக்கும்!” என்று கிளம்பும். உடனே ஒரு கமிட்டி கூடும். கதை எழுதப் பாதிப் பேர், வரைபடம் போட மீதிப் பேர். டைட்டில் இசைக்கு ஒருவர் தானாகவே முன்வருவார். லோகோ அன்றிரவே தயார். “சரி, புரோகிராம் யார் எழுதுவது?” என்று யாரோ கேட்டதும் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

இந்த விதிக்குத் தப்பிச் சிலர் உண்மையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கதை அடுத்தவருடையது, உரிமையும் அடுத்தவருடையது, பக்தி மட்டும் தங்களுடையது என்று கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியவான்கள். அவர்களுடைய சரித்திரம் இது.

பிள்ளையார் சுழி போட்டவர் கேரி கைகாக்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். 1974-ல் டேவ் ஆர்னஸனோடு சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று காகிதமும் தாயக்கட்டையும் கொண்டு ஆடும் ஆட்டத்தை வெளியிட்டார். மாயாஜால நாவலாசிரியர் டோல்கியன்மேல் தனக்குப் பெரிய மோகமில்லை என்று பல தடவை சொல்லியிருக்கிறார் மனிதர். ஆனால் அவருடைய ஆட்டத்துக்குள் ஹாபிட் இருந்தான், நடக்கும் மரமான என்ட் இருந்தது, நெருப்புப் பிசாசு பால்ராக்கும் இருந்தது. மூன்றாண்டு கழித்து, டோல்கியன் சரக்குக்கு வணிக உரிமை வைத்திருந்தவர்களிடமிருந்து ஓலை வந்தது. ஹாபிட் கெஸட்டில் பெயர் மாற்றி ‘ஹாஃப்லிங்’ ஆனான். என்ட், ‘ட்ரீயன்ட்’. பால்ராக், ‘பேலர்’. உயரம், எடை, குணம், சாப்பாட்டு ஆசை எதிலும் மாற்றமில்லை.

இதற்குள் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விஷயம் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. அங்கே மாணவர்களுக்குப் பாடம் நடத்தவென்று ‘பிளேட்டோ’ என்றொரு பிரம்மாண்ட ஏற்பாடு. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகள் வேறு. இவ்வளவு வசதியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தால் மாணவன் என்ன செய்வான்? 1975-ல் ரஸ்டி ரதர்ஃபோர்ட் என்பவர் அதில் ஒரு பாதாளச் சுரங்க ஆட்டத்தை எழுதி, ‘பெடிட்5’ என்ற ஃபைலுக்குள் ஒளித்துவைத்தார். பெயரைக் கேட்டால் ஏதோ ஆபீஸ் கணக்கு என்று தோன்ற வேண்டும், அதுதான் திட்டம். நிர்வாகிகளும் கண்ணில் பட்டபோதெல்லாம் கடமை தவறாமல் அழித்தார்கள். கணினி ரோல்பிளேயிங் ஆட்டங்களின் மூதாதைகளில் ஒன்று இப்படித்தான் திருட்டுத்தனமாகப் பிறந்தது.

ஆனால் நம் கதாநாயகன் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்து மாணவர் ராபர்ட் கோனிக்கி. பொறியியல் துறைக் கம்ப்யூட்டரில் ‘ரோக்’ என்ற ஆட்டத்தை ஆடி அதற்கு அடிமையாகிப்போனவர். பிறகு கணினித் துறை ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே புத்தம்புது வாக்ஸ் இயந்திரம். ஆனால் அதில் ‘ரோக்’ கிடையாது. வேலை கிடைத்த பையன் வேலையைப் பார்ப்பான் என்று நினைத்தால் நீங்கள் அந்தக் காலத்து நிர்வாகி. கோனிக்கி 1981-ல் தானே ஒரு ஆட்டம் எழுத உட்கார்ந்தார். பெயர் ‘மோரியா’.

டோல்கியன் கதையில் மோரியா என்பது குள்ளர்கள் பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டி, அடியில் தூங்கிய பால்ராக்கை எழுப்பிவிட்ட சுரங்கம். பனி மலைப்பாதை அடைத்துக்கொண்டதால் வேறு வழியில்லாமல் ஒன்பது பேர் அதற்குள் நுழைகிறார்கள். அவர்களுடைய ஒரே லட்சியம் மறுபக்கம் வெளியே வருவது. அதற்கே மந்திரவாதி காண்டால்ஃபைக் காவு கொடுக்கவேண்டியிருந்தது. கோனிக்கி இதைப் படித்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தார்? உள்ளே போய்த் தேடிப்பிடித்து பால்ராக்கைக் கொல்லவேண்டும். அதுவும் தன்னந்தனியாக.

திரையில் படம் என்று ஒன்றும் கிடையாது. நீங்கள் ஒரு ‘@’. சிறிய டிராகன் என்றால் சின்ன ‘d’, பெரிய டிராகன் என்றால் பெரிய ‘D’. ஐம்பது தளம் இறங்கினால் ‘B’ காத்திருக்கும். அதுதான் பால்ராக். மேலே ஒரு ஊரும், ஊரில் கடைகளும் உண்டு. கடைக்காரர்களிடம் பேரம் பேசலாம். அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். டோல்கியன் தான் புனைந்த சின்டாரின் மொழிக்கு இலக்கணம் வகுத்தார்; கோனிக்கி கத்தரிக்காய்க் கடை நியாயத்துக்கு அல்காரிதம் வகுத்தார். செத்தால் செத்ததுதான். ஒரு கல்லறை வரைந்து, யார் கொன்றது என்று பொறித்து, கணக்கை முடித்துவிடும்.

கோனிக்கியிடம் ஒரு நல்ல குணம்: யாராவது ஜெயித்துவிட்டால் எப்படி ஜெயித்தார்கள் என்று அன்போடு விசாரிப்பார். பிறகு போய் அந்த ஓட்டையை அடைப்பார். ஒருமுறை, இனி இதை எவனும் ஜெயிக்க முடியாது என்று சபதமே போட்டார். ஒரே வாரத்தில் அவருடைய நண்பர் ஒருவர் ‘இகி’ என்ற பாத்திரத்தை வைத்து ஜெயித்துத் தொலைத்தார். கோனிக்கி அசரவில்லை. ‘தீய இகி’ என்று ஒரு வில்லனைச் சேர்த்து, நண்பரின் பாத்திரத்தை ஆட்டத்துக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியேற்றிவிட்டார். பழிவாங்குவதில் இவ்வளவு பெருந்தன்மை காட்டிய ஆசிரியர் இலக்கியத்திலும் அபூர்வம்.

1990-ல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கட்லர், ஆண்டி ஆஸ்ட்ராண்ட் என்ற இருவருக்கு மோரியாவின் ஆழம் போதவில்லை. மேலும் தோண்டினார்கள். குள்ளர்களுக்கு நேர்ந்த கதி தெரிந்தும் தோண்டினார்கள். 99-ம் தளத்தில் டோல்கியனின் பெரிய வில்லன் சௌரான், 100-ம் தளத்தில் அவனுக்கும் குருவான மார்காத். ஆட்டத்தின் பெயர் ‘ஆங்பாண்ட்’. டோல்கியன் கதையில் எல்ஃப்களின் மாமன்னன் ஃபிங்கால்ஃபினே மார்காத்தோடு தனியாக மோதி மாண்டுபோனான். அவனால் ஆகாத காரியத்தை நாளைக்குப் பரீட்சை இருந்தும் படிக்காத மாணவன் முடிக்கவேண்டும்.

மூலத்தின்மேல் அவர்களுக்கு விசுவாசம் உண்டு. அந்த விசுவாசத்தின் லட்சணத்தைப் பாருங்கள். ஃபார்மர் மேகட் என்று ஒரு விவசாயி. டோல்கியனின் கதாநாயகன் ஃப்ரோடோவுக்குச் சோறு போட்டு, வண்டியில் ஏற்றி, படகுத்துறை வரை கொண்டுபோய் விட்ட உத்தமர். ஆங்பாண்டில் அவர் புலம்பிக்கொண்டே திரிகிற ஒரு ‘h’. யாரையும் அடிக்கமாட்டார். ஆனாலும் அவரைப் போட்டுத்தள்ளினால் நல்ல காளான் கிடைக்கும் என்பதால், தலைமுறை தலைமுறையாக அவர் கொலையுண்டிருக்கிறார்.

அடுத்து ஓர் ஓட்டப்பந்தயம். ஆங்பாண்ட் வம்சத்தில் ‘பெர்ன்ஆங்பாண்ட்’ என்று ஒரு பிள்ளை பிறந்தது. ஆன் மெக்காஃப்ரியின் ‘பெர்ன்’ டிராகன் கதைகளைத் தழுவியது. உரிமைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்டம் அலறியடித்துக்கொண்டு ஓடி ‘டோம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. விரிவு: ‘டேல்ஸ் ஆஃப் மிடில் எர்த்’. அதாவது மெக்காஃப்ரிக்குப் பயந்து டோல்கியன் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியது. பிற்பாடு அதுவும் வம்பு என்று ‘டேல்ஸ் ஆஃப் மஜ்ஏயால்’ என்று சொந்தமாக ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டது. முதலெழுத்துகள் அப்படியே. விசிட்டிங் கார்டு மாற்றும் செலவு மிச்சம்.

இத்தனை பேரும் தப்பினார்கள், மாட்டியது யார்? அழகாகச் செய்ய நினைத்தவர்கள். ‘மிடில் எர்த் ரோல்பிளேயிங் புராஜெக்ட்’ என்ற ரசிகர் குழு, பெதஸ்டா நிறுவனத்தின் ‘ஒப்லிவியன்’, ‘ஸ்கைரிம்’ ஆட்டங்களின்மேல் மலை, காடு, கோட்டை என்று டோல்கியன் உலகத்தையே எழுப்ப ஆரம்பித்தது. பல வருட உழைப்பு, எல்லாம் இலவசம். 2012-ல் வார்னர் பிரதர்ஸிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கதை முடிந்தது. மிடில் எர்த்தின் எல்லாக் கோட்டைகளையும்விடப் பலமானது லெட்டர்ஹெட்.

சரி, முறைப்படி அனுமதி வாங்கிச் செய்தால்? 2023-ல் ஜெர்மனியின் டேடாலிக் நிறுவனம் கோலம் என்ற டோல்கியன் பாத்திரத்தை வைத்து அனுமதியோடு ஓர் ஆட்டம் வெளியிட்டது. வாங்கியவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிறகு சொந்தமாக ஆட்டம் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. அனுமதி இருந்தது, படம் இருந்தது, பணம் இருந்தது. ஆட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான் குறை.

ஒரு ரசிகனுக்கு பால்ராக்கைப் படம் வரைந்து காட்டவேண்டியதில்லை. புத்தகம் படித்த அன்றே அது அவன் மண்டைக்குள் குடிவந்துவிட்டது. ‘B’ என்று ஓர் எழுத்தைக் காட்டினால் போதும், மீதியை அவனே நடுங்கிக்கொள்வான். கோனிக்கி பக்கத்து நாற்காலி நண்பனை அழவைக்க எழுதினார், அதனால் பிழைத்தார். ஆங்பாண்டின் 4.2 பதிப்பு 2019-ல் வந்தது. இன்றும் இலவசம், மார்காத் இன்றும் ஒற்றை ‘P’.

ஆகவே, கேம் செய்யும் கனவோடு திரியும் அன்பர்களே, ஒரு ‘@’, நாலு சுவர், ஒரு கதவு வைத்து இன்றைக்கே ஆரம்பியுங்கள். அனுமதி கேட்டு மட்டும் யாருக்கும் கடிதம் போட்டுவிடாதீர்கள். பதில் வந்துவிடும்.