தட்டினால் தப்பில்லை

கேள்வி: பிரேசிலியன் ஜியு ஜிட்சு கற்கிறேன். தினமும் யாராவது கழுத்தைப் பிடிக்க, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதே பிழைப்பாகிவிட்டது. நான் தேறுவது எப்போது?
— ஒரு வாசகர், அஸ்தினாபுரம்

பதில்: அஸ்தினாபுரத்துக்காரர் மல்லில் தோற்பதா? பீமன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தட்டுவதை விட்டுவிடாதீர்கள். 1951இல் ரியோவில் ஜப்பானியர் கிமுரா கையை முறுக்கியபோது, இந்தக் கலையை வளர்த்த ஹீலியோ கிரேசியே தட்ட மறுத்தார். கை முறிந்தது. அந்தப் பிடிக்கு இன்று 'கிமுரா' என்றே பெயர். முறித்தவர் பெயர்தான் நின்றது, முறிந்தவர் பெயர் அல்ல!

இடுப்பை நகர்த்தித் தப்பிக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். அடியில் மாட்டிக்கொண்ட நிலையிலிருந்தே சுற்றை ஆரம்பியுங்கள், வெட்கப்படாமல். முக்கியமாக, உடுப்பைத் தினமும் துவையுங்கள். படர்தாமரை வந்தால் தோற்கடிக்கக்கூட ஆள் கிடைக்காது.