அலவ் அண்ணன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெருவுக்கு ஒருவராவது இவர் இருப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய், சந்தேகம் தட்டி, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். ஏடிஎம்மில் ரகசிய எண்ணை அமுக்கும்போது மறு கையால் பொத்துகிற பொத்தில் அவருக்கே எண்கள் தெரியாது. தப்புத் தப்பாகப் போட்டுக் கார்டை பிளாக் செய்துகொண்டு வருவார். ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், அதன்மேல் குறுக்கே ‘சிம் கார்டு வாங்க மட்டும்’ என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, கடைக்காரர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார்.

இப்பேர்ப்பட்ட உஷார் பேர்வழியின் கையில் செல்போனைக் கொடுங்கள். திரையில் ‘அலவ்’ என்று ஒரு கட்டம் வந்தால் போதும், அது என்ன கேட்கிறது என்று பார்க்காமலே அமுக்கிவிடுவார். ஏன் அண்ணே அமுக்குனீங்க என்றால், “அமுக்கலன்னா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குதேப்பா” என்பார். டார்ச் லைட் ஆப் ஒன்று அவருடைய போன் நம்பர்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டபோதும், வெளிச்சத்துக்கு என்னென்ன தேவையோ என்று கொடுத்தவர். அலவ் அண்ணன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அண்ணனுக்குக் குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. அவருக்கு இருக்கிற ஒரே செலவு தங்கச்சி. சிதம்பரத்தில் வடக்கு வீதிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா என்று பத்திரிகை வந்தது. தாய்மாமன் சீர் என்றால் மண்டபத்தில் தட்டை எண்ணுவார்கள். எண்ணுவதற்கென்றே பந்தலடியில் நாற்காலி போட்டு இரண்டு பெரியம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். தங்கச்சியின் ஓரகத்தி வீட்டில் 51 தட்டு வந்ததாம். அண்ணன் கையில் இருந்தது பதினொரு தட்டுக்கான பணம்.

வங்கிக்குப் போயிருக்கலாம். ஆனால் மேனேஜர் மேசைக்கு எதிரே உட்கார வேண்டும்; பாஸ்புக் பதியும் வரிசையில் நிற்கிற எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார். நகைக்கடன் என்றால் அண்ணியின் கழுத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சித்தப்பா கேட்டால் தருவார். தந்த கையோடு, இனி நம் குடும்பத்தில் நடக்கும் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே அதைப் பரிமாறுவார். ஆப் அப்படியில்லை. முகம் பார்க்காது, ஏன் எதற்கு என்று கேட்காது, ‘உங்கப்பா காலத்துல இப்படியா’ என்று ஆரம்பிக்காது. வட்டி குறைவு என்று நம்பி யாரும் இந்த ஆப்களில் போய் விழுவதில்லை. வெட்கத்துக்கு அங்கே வேலை இல்லை என்றுதான் விழுகிறார்கள். அண்ணனுக்குக் கடனும் வேண்டும், அது சிதம்பர ரகசியமாகவும் இருக்க வேண்டும்.

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்: ‘5 நிமிடத்தில் 2 லட்சம், ஜாமீன் வேண்டாம், ஆவணம் வேண்டாம், ஆர்பிஐ அங்கீகாரம் பெற்றது.’ ஆவணம் வேண்டாம் என்ற ஆப், புதுச்சத்திரம் வருவதற்குள் பான் கார்டு, ஆதார் இரண்டையும் வாங்கிக்கொண்டது. பிறகு செல்ஃபி. ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்றது. சிமிட்டினார். எதிர் சீட்டு அம்மாள் முறைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பி.முட்லூரில் அலவ் மழை: போன் நம்பர்கள், போட்டோக்கள், எஸ்எம்எஸ், இருக்குமிடம் எல்லாவற்றுக்கும் அலவ். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது பணம் வந்துவிட்டது. 2 லட்சம் இல்லை, முதல்முறை என்பதால் 5,000. அதிலும் கணக்கில் ஏறியது 3,000. மிச்சம் ‘சேவைக் கட்டணம்’. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும்.

14 தட்டு வைத்தார். தங்கச்சி தட்டைப் பார்க்கவேயில்லை, “நீ வந்ததே போதும்ணே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மாக்கள் மட்டும் எண்ணினார்கள்.

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கே போன். வங்கியோ நிதி நிறுவனமோ, வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இந்த ஆள் அதற்கெல்லாம் கட்டுப்பட்டவன் இல்லை. பேசிய இந்தியில் அண்ணனுக்குப் புரிந்தது இரண்டு வார்த்தை. இரண்டையும் பத்திரிகையில் அச்சிட முடியாது.

ஏழாம் நாள், அண்ணன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு செய்தி போனது. மெஷின் மொழிபெயர்த்த தமிழ்: ‘அன்புள்ள ஐயா, உங்கள் நபர் பணம் திருடி ஓடுகிறான், அவன் உங்களை உத்தரவாதமாக உள்ளது.’ கூடவே பஸ்ஸில் எடுத்த செல்ஃபி, ஒரு கண் மூடியபடி.

அண்ணனின் போன் நம்பர் பட்டியலே தனி இலக்கியம். ‘பிளம்பர்’, ‘பிளம்பர் நல்லவர்’, ‘கரண்ட் ஆபீஸ்’, ‘பண்ருட்டி முந்திரி’, ‘சித்தப்பா பழைய நம்பர்’, ‘தீட்சிதர்’, ‘எடுக்காதே’, ‘எடுக்கவே எடுக்காதே’. எல்லாருக்கும் போனது. ஆருத்ராவுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுவதாக தீட்சிதர் பதில் போட்டார். ‘எடுக்கவே எடுக்காதே’ நேரிலேயே வந்துவிட்டார்: “தம்பி, நேத்து வந்தவனுக்கு அவசரப்பட்டுக் கட்டிடாத. வரிசைல நான்தான் முன்னாடி நிக்கிறேன்.” நடராசர் சன்னதியில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலையாவது தெரியும். அண்ணனின் திரை விலகியபோது தெரிந்தது 14 தட்டும் பாக்கிக் கணக்கும்தான்.

சிரிக்க முடியாத பகுதியும் இதில் உண்டு. முகத்தை வேறோர் உடம்பில் ஒட்டிய படங்களை உறவினர்களுக்கு அனுப்புவது இந்தக் கும்பல்களின் அடுத்த படி. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். 2021 தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப் பிரிவு போலீஸார் இப்படியொரு வழக்கில் பெங்களூரு வரை போய் சீனர்கள் இருவரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு தேடியபோது அகப்பட்ட கடன் ஆப்கள் சுமார் 1,100. அதில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை.

செய்தி அண்ணிக்கும் வந்திருந்தது. அண்ணி மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்குப் பார்ப்பவர். அங்கே ஒருத்திக்கு 5,000 கொடுக்க பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, எதுக்கு, எப்போ திருப்புவே என்று குடைந்து, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். அழுகை, சண்டை எதுவும் இல்லாமல் அண்ணி கேட்ட முதல் கேள்வி: “பணம் யாருது?”

“ஆப்போடது.”

“ஆப்புக்கு ஏதுங்க பணம்? பின்னால யாரு?”

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்து, 2025 மே மாதம் புதுப்பித்த விதிகளின் சாரமே இந்த ஒரு கேள்விதான். ஆப் வெறும் தரகர். பின்னால் ஒரு வங்கியோ பதிவுபெற்ற நிதி நிறுவனமோ பெயரோடு நிற்க வேண்டும், பணம் அங்கிருந்து நேரே கடன் வாங்குபவர் கணக்குக்கு வர வேண்டும்.

“ஆர்பிஐ அப்ரூவ்டுன்னு போட்டிருந்துச்சே?” என்றார் அண்ணன். எந்த ஆப்புக்கும் ரிசர்வ் வங்கி அப்படி முத்திரை குத்துவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எங்களுடையவை என்று தெரிவித்த ஆப்களின் பட்டியல் மட்டும் 2025 ஜூலையில் இருந்து அதன் இணையதளத்தில் இருக்கிறது. அண்ணி தேடிப் பார்த்தார். அண்ணனின் ஆப் அதில் இல்லை.

“கைக்கு எவ்வளவு, கட்டுறது எவ்வளவுன்னு எழுதிக் குடுத்தானா?” கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்று அதற்குப் பெயர். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று கையெழுத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை வாங்குபவர் சம்மதம் இல்லாமல் பிறகு ஒட்ட முடியாது. கொடுக்காததால் அண்ணியே காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 3,000-க்கு வாரம் 2,000. நூற்றுக்கு வாரம் 66 ரூபாய் சொச்சம். கந்துவட்டியைத் தடுக்க இந்த மாநிலம் 2003-லேயே சட்டம் போட்டது. அந்தக் கந்துவட்டிக்காரர்களும் கூச்சப்படுகிற கணக்கு இது.

“உங்க போன்ல என் தங்கச்சி போட்டோ அவனுக்கு எதுக்கு?” என்பது கடைசிக் கேள்வி. அதையும் விதி கேட்கிறது. அடையாளம் பார்க்க கேமராவை ஒருமுறை திறக்கச் சொல்லலாம், அதுவும் சம்மதம் கேட்டு. போன் நம்பர்களையும் போட்டோக்களையும் தொடவே கூடாது. பிளே ஸ்டோரும் 2023 மே மாதக் கடைசியில் இருந்து கடன் ஆப்களுக்கு இதைத் தடுத்துவிட்டது. அண்ணனின் ஆப்தான் கடை வழியாக வரவில்லையே, லிங்க் வழியாகக் கொல்லைப்பக்கம் வந்தது.

யாருக்கும் தெரியக் கூடாது என்று கடன் வாங்கப் போனவர், யார் யாருக்குத் தெரியக் கூடாது என்ற பட்டியலைத் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது, “நீயும் அந்த லிஸ்ட்ல இருக்கப்பா” என்றார்.

கட்டித் தொலைத்துவிட்டால் விட்டுவிடுவான் என்பது அண்ணன் கட்சி. “ஒரு தடவ பயந்து கட்டினா, கட்டுறவன்னு பேரு வந்துடும், அடுத்த ஆப்லேருந்து கூப்பிடுவான்” என்பது அண்ணி கட்சி. அண்ணி கட்சி ஜெயித்தது. மிரட்டல் செய்திகளையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1930 உதவி எண்ணுக்குப் போன் போட்டு, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிந்தார்கள். ‘வரும் செய்தியை நம்பாதீர்கள், போலீசில் சொல்லியாகிவிட்டது’ என்று எல்லா நம்பருக்கும் அண்ணனே அனுப்பினார், ‘எடுக்காதே’ தவிர.

அண்ணன் திருந்திவிட்டார். திருந்தியது நமக்குத்தான் கஷ்டம். பின்சுவர் இடிந்தபோது, தனக்குக் கணக்கு இருக்கிற வங்கியின் ஆப்பிலேயே கடன் கேட்டு, அவர்கள் கொடுத்த கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டை டீக்கடையில் வரி விடாமல் உரக்கப் படித்தார். வாங்கிய பிறகும் குறைந்தது ஒரு நாள் யோசிக்க அவகாசம் உண்டு, பிடிக்கவில்லை என்றால் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் விலகலாம், முன்கூட்டியே சொல்லியிருந்தால் பிராசஸிங் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற இடம் வந்ததும் அண்ணனுக்குப் பரவசம். ‘கூலிங் ஆஃப்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஜவுளிக்கடையில் கேட்டார். செருப்புக் கடையில் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் வஞ்சிரம் விலை பேசி முடித்துவிட்டு, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “ஏம்மா, இதுக்குக் கூலிங் ஆஃப் உண்டா?” என்றார்.

“கூலிங் வேணும்னா அந்தப் பொட்டில இருக்குறத எடுத்துக்க,” என்றார் மீன்கார அம்மாள். “அது நேத்து மீனு.”