ஓடுபாதையில் ஓடிய கார்கள்

கேள்வி: விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடத்தினார்களாமே, நிஜமா? நடுவில் விமானம் இறங்கினால்?
– ஒரு வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: நிஜம்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம். போர் முடிந்து அதைக் கைவிட்டுவிட்டதால், விமானம் குறுக்கே வரும் என்ற பயமில்லை. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அந்தப் பந்தயக் காலத்தில்தான் உங்கள் பக்கத்து ஊரான கோவையின் பந்தய வீரர் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை, மூடாத சக்கரங்களுடன் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்ததும் சோழவரம் ஓய்வு பெற்றது.

அமெரிக்கர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். கிளீவ்லாண்டில் நிஜமாகவே விமானங்கள் இறங்கும் ஏரிக்கரை விமான நிலையத்தைத் தற்காலிகமாக மூடிவிட்டு, 1982 முதல் 2007 வரை பந்தயம் விட்டார்கள். 2008-ல் அந்நாட்டின் கார் பந்தயத் தொடர்கள் இரண்டு ஒன்றாய் இணைந்தன; அதில் இந்தப் பந்தயம் நின்றது. கல்யாணம் ஆனதும் பழைய சிநேகிதம் நின்றுபோவது போலத்தான்!

கார் பந்தயத்துக்கும் அனுப்பர்பாளையத்துக்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பாத்திரப் பட்டறையில் தட்டினால் தகடு குடமாகும்; பந்தயத்தில் தட்டினால் கார் தகடாகும்!