ஆரஞ்சு கவர் ஜிமிக்கி

குப்பையில் நகை செய்யும் கலையில் முதல் பாடம் நிறம் பிரிப்பது. பீர் பாட்டில் சில்லு பழுப்பு, பழைய சட்டைப் பித்தான் வெள்ளை. நீலக் கண்ணாடி கிடைத்தால் யோகம்தான்.

தமிழ்நாட்டில் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஆவின்காரர்கள் பால் கவரை ஏற்கெனவே நிறம் பிரித்துத் தந்திருக்கிறார்கள். 3 சதவீதக் கொழுப்புக்கு நீலம், 4.5-க்குப் பச்சை, 6-க்கு ஆரஞ்சு. கவரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, நாடா நாடாவாக நறுக்கி, மூன்று இழையாக ஜடை பின்னினால் வளையல் தயார். நன்றாகக் கழுவுங்கள். மூலை மடிப்பில் ஒரு சொட்டுப் பால் தங்கிவிட்டால் மத்தியானத்துக்குள் மணிக்கட்டில் தயிர் வாசம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீலத் தோட்டோடு கல்யாணத்துக்குப் போனால் தெரியும் சேதி. "ஏம்மா, உங்க வீட்ல ஆரஞ்சு கவர் வாங்கறதில்லையா?" என்று ஒரு பெரியம்மா கட்டாயம் கேட்பார். காரட் பார்த்துப் பழகிய கண் கொழுப்பையும் பார்க்காமல் விடுமா?

மானத்தைக் காக்க வழி ஒன்றுதான். காப்பிக்கு அரை லிட்டர் நீலம் போதுமான வீட்டில், நெக்லஸ் பாதியில் நிற்கிறதே என்று தினம் இரண்டு லிட்டர் ஆரஞ்சு வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்பதை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிச்சப் பாலுக்குத் தனியாக ஒரு கலை தேவை.

பழைய பேப்பர் கடையில் பால் கவரை எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நிறம் பார்ப்பதில்லை. செய்கூலி, சேதாரமும் கிடையாது.